முந்நூறு கிலோமீட்டர்

பைபாஸ் ரோட்டில் சிக்கந்தரின் கடை.
கழற்றிப் போட்ட பழைய டயர்களை
ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்து
ஒச்சப்பன் சொன்னான்:
"பிரேக்கைப் பிந்தித்தான் மிதிக்கிறீங்க மேடம்.
வலது டயர் தோளு தேஞ்சு கிடக்கு,
இடது அப்படியே இருக்கு.
இடப்பக்கம் வளையுறப்ப பயமே இல்ல,
வலப்பக்கம்னா கொஞ்சம் யோசிக்கிறீங்க."
கைரேகை பார்க்க
யாரிடமும் போனதில்லை நான்.

இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார்.
கடன் இன்னும் இருபத்தாறு மாதம்.
பல் பிடுங்கிச் சேர்த்த காசு என்பான் தம்பி.
வேர் சிகிச்சையில்தான் வருமானம்
என்று அவனிடம் சொல்வதில்லை.

சிக்கந்தர் இரண்டை எடுத்து வைத்தார்.
ஒன்று கிட்டத்தட்ட வழவழப்பு,
பேருக்கு நாலு கீறல்.
சித்திரையில் தார் இளகும்போது தானும் இளகி
அட்டை மாதிரிக் கவ்வுமாம் சாலையை.
பன்னிரண்டாயிரம் ஓடினால் பெரிசு.
மற்றதில் ஆழமாக வாய்க்கால் வெட்டியிருந்தது,
தண்ணீரை அள்ளி வெளியே எறிய.
காய்ந்த சாலையில் ஒரு படி கீழேதான்.

"மதுரையில மழை எத்தனை நாளுங்க?"
என்றார், முதலாவதைத் தட்டிக்கொண்டே.

போன ஐப்பசியில் ஒரு நாள்.
பாண்டி கோவில் தாண்டி ரிங் ரோட்டில்
வாழையிலைக் கட்டோடு குறுக்கே ஒரு மொபெட்.
மிதித்தேன்.
மிதித்ததாகவே கார் எடுத்துக்கொள்ளவில்லை.
கழுவப் போட்ட தட்டுபோல
நீரின்மேல் நகர்ந்தது, பக்கவாட்டில், நிதானமாக.
அவர் சட்டைப் பையில் நீலப் பேனா இருந்தது.
அதைப் பார்க்கக்கூட நேரமிருந்தது எனக்கு.
ஒரு முழம் தள்ளி நின்றோம்.
இலைக்கட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு
அவர் போய்விட்டார்.
ஒன்றும் ஆகவில்லை.
அந்த ஒன்றும் ஆகாதது
பத்து நாள் என் கட்டிலில் என்னோடு படுத்திருந்தது.

"வாய்க்கால் வெட்டினதைப் போடுங்க."

பக்கச் சுவரில் நாலு இலக்கம்:
இந்த வருடம், பதினேழாவது வாரம்.
என் நோயாளிகளில் பாதிப்பேருக்கு
பிறந்த வருடமே சரியாகத் தெரியாது.
மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேரே வைத்தான்.
அம்புக்குறி முன்பக்கம்.
சுற்றவிட்டு ஒரு ஈயத்துண்டு ஒட்டினான்,
மறுபடி சுற்றவிட்டு, திருப்தியில்லாமல், இன்னொன்று.
"முந்நூறு வரைக்கும் அமுக்காதீங்க.
அச்சுல இருந்து வந்த பிசுக்கு மேல இருக்கும்.
அது போற வரைக்கும் இது யாரையும் பிடிக்காது."

ஏழு கிலோமீட்டர் நத்தம் பாலத்தை
நாற்பத்தைந்தில் கடந்தேன்,
ஒரு மனிதரும் இல்லாத அதிகாலை ஐந்தேகாலுக்கு.
கப்பலூர் சுங்கச்சாவடி தாண்டியதும்
கோழிக்கூண்டு ஏற்றிய வண்டி முந்தியது.
கல்யாண வேனிலிருந்து ஒரு பையன்
"எக்கா, தள்ளி விடவா?"
சிரித்தேன். வலது கால் சிரிக்கவில்லை.

நூறு வரை ஸ்டியரிங் ஊமை.
நூற்றெழுபதில், மேலூர் பக்கம், வலப்பக்க வளைவில்
எதுவோ விரலுக்குள் வந்தது.
சரளை இது, ஒட்டுப்போட்ட தார் இது,
இங்கே நேற்று நெல் காயப்போட்டிருந்தார்கள்.
யாரோ பேசத் தொடங்கினாற்போல இருந்தது.

முந்நூறு விழுந்தபோது
சத்திரப்பட்டி தாண்டியிருந்தேன்.
முன்னால் வைக்கோல் டிராக்டர்,
சாலை அகலத்துக்கு அதன் இடுப்பு.
இனி அமுக்கலாம்.
ஒன்பது கிலோமீட்டர் அதன் பின்னாலேயே போனேன்,
வைக்கோல் ஒவ்வொன்றாகப் பறந்து
பானட்டில் உட்கார.

வீட்டு வாசலில் குந்திப் பார்த்தேன்.
நடுவில் ரப்பர் முடி உதிர்ந்து
சாணை பிடித்த சாம்பல் நிறம்.
தோளில் மட்டும் இன்னும் பூனை மயிர்.
வாய்க்காலுக்குள் ஒரு கல் சிக்கியிருந்தது.
பையிலிருந்து கொக்கி ஊசியை எடுத்து
மெதுவாக நெம்பினேன்.
"வலிச்சா கையைத் தூக்குங்க"
என்றது வாய், பழக்கத்தில்.