ஒப்பீட்டுக் குழு

“ராத்திரி எட்டுக்குப் பிறகு
தண்ணியைத் தவிர ஒண்டும் வேண்டாம்” என்று
நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும்
ஜெகதா தொலைபேசியில் சொல்லிவைத்தாள்.
வசந்தமலர் மட்டும் சிரித்தாவாம்:
“வெறுவயிறோ? அது எங்களுக்குப் பாடம்தானே, பிள்ளை.”

ஒட்டுசுட்டானில் ஒரு பள்ளிக்கூடம், மனையியல் அறை.
ஐஸ்பெட்டி, சாம்பல் மூடிக் குழாய்கள்.
குருதி சுழற்றும் யந்திரம் ஒருதரம் முனகி நின்றது.
கரண்ட் போய்விட்டது.
பெற்றோலுக்கு ஒருவன் ஓட
நான் குளுக்கோஸ் நிறுத்தேன்.
எழுபத்தைந்து கிராம். ஐந்து நிமிடத்துக்குள் குடிக்கவேண்டும்.

கவிநயன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு
“தேசிக்காய் விட்டிருக்கலாம்” என்றான்.
பதினாறு வயது. நாற்பத்துமூன்று கிலோ.
இவனுக்குச் சீனி வருத்தம் வரலாம் என்றால்
இந்தத் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

இனி இரண்டு மணித்தியாலம் அசையாமல் இருக்கவேண்டும்.
அதற்குள் படிவம். நான்காம் பக்கம்:
பிறப்பு நிறை.
அட்டை இருக்கிறதா என்று கேட்டேன்.
வசந்தமலர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா.
“முகாமிலதான் முதல் நிறுத்தவை.
அப்ப ரெண்டு மாசம், ரெண்டே முக்கால்.
பிறந்த அண்டோ?
இந்த முழங்கையில இருந்து
நடுவிரல் நுனி மட்டும் இருந்தவன்.”
கையை நீட்டியபடியே வைத்திருந்தா.
நாடாவை எடுத்து அளந்தேன்.
நாற்பத்திரண்டு.
எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது?
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்.

பேராதனையில் ஈரல் வெட்டுமுகங்களோடு தொடங்கியவள் நான்.
பிறகு கிளாஸ்கோ, பதினொரு வருடம்.
பெயர் எடுத்துத் தந்தது ஒரேயொரு ஆய்வு:
சூல்கொண்ட எலிகளுக்கு அரைப்பங்கு உணவு.
குட்டியின் கணையம்
வராத சாப்பாட்டுக்கு ஏற்றபடி
தன்னை எப்படிச் சுருக்கிக்கொள்கிறது,
பிறகொரு நாள் சாப்பாடு வரும்போது
எப்படித் திகைத்துப்போகிறது.
ஆயிரம் பேருக்கு மேல் மேற்கோள் காட்டிவிட்டார்கள்.

அந்தக் குறிப்புப்புத்தகத்தை
நேற்றிரவு விடுதியில் விரித்தேன்.
2009, பங்குனி.
“கூடு பதினான்கு. பத்துக் கிராம்.
தாய் மரச்சீவலை மெல்லுகிறது.
குட்டிகள் ஒன்பது.”
என் கையெழுத்துத்தான். எவ்வளவு வடிவு.
தராசின் தட்டைத் துடைத்ததுகூட எழுதியிருக்கிறேன்.
அக்கா அப்போது மாத்தளனில் இருந்தாள் என்பது
ஒரு பக்கத்திலும் இல்லை.

இரண்டாம் மதிப்பீட்டாளர் கேட்கிறார்:
ஒப்பீட்டுக் குழு எங்கே?
அதே இடம், அதே ஆண்டு,
பட்டினி கிடக்காத தாய்மாரின் பிள்ளைகள்?

நியாயமான கேள்வி.
ஒன்றிலிருந்து ஆறு வரையான கூடுகளில்
என் எலிகள் வயிறாரத் தின்றன.

தேடாமல் இல்லை.
மல்லாவி, விசுவமடு, முள்ளியவளை,
ஓட்டோ போகாத இடத்துக்குச் சைக்கிளில்.
கடை வைத்திருந்த ஒரு குடும்பம் அகப்பட்டது.
“எங்களிட்டப் பருப்பு இருந்தது” என்றா அந்த அம்மா.
பேனாவைத் திறந்தேன்.
“அயலட்டைக்குக் குடுத்துக் குடுத்து
மூண்டு கிழமையில முடிஞ்சுது.
பிறகு எல்லாரும் ஒரே கஞ்சிதான்.”
பேனாவை மூடினேன்.

இரண்டு மணித்தியாலம் முடிந்தது.
கவிநயன்: நூற்று அறுபத்தெட்டு.
நூற்று நாற்பதுக்குள் நின்றிருக்கவேண்டும்.
எட்டிப் பார்த்து “பாஸோ, மிஸ்?” என்றான்.
இன்னொரு நாள் திரும்பப் பார்ப்போம் என்றேன்.
திரும்பப் பார்த்தாலும் என்ன வரும் என்று
கூடு பதினான்கிலிருந்தே எனக்குத் தெரியும்.

ஜெகதா எல்லாருக்கும் பணிசும் கதலிப்பழமும் நீட்டினாள்.
பெடியன் தன் பங்கை முடித்துவிட்டு
பெட்டிக்குள் இன்னும் இருக்கிறதா என்று பார்த்தான்.
வசந்தமலர் பணிசை இரண்டாகப் பிய்த்து
ஒரு பாதியைக் கடதாசியில் சுற்றி
கைப்பைக்குள், துவாயின் அடியில்
ஒளித்துவைத்தா.
யாரும் கேட்கவில்லை.
நான் பேனாவோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.