கண்ணாடிச் சாட்சி

மாதத்தின் முதல் செவ்வாய்
நெடுஞ்சாலைத் துறையின் மஞ்சள் வண்டி
ஆற்றோரம் வந்து நிற்கும்.
சொலான்ஜ் ஏறுவாள்.
கயிற்றின் மறுமுனை நான்.

நானூறு அடிச் சுண்ணாம்புப் பாறை.
தலைக்கு மேல் பாறுகள், சிறகசைக்காமல்,
எங்களை எடை போட்டபடி.

எதிர்க்கரைதான் இங்கே செல்லப்பிள்ளை.
திராட்சை, தேன்பெட்டிகள், கழுத்துமணி கட்டிய பசுக்கள்,
காலை முதல் மாலைவரை வெயில்.
ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பதை
சூரியன் இந்தப் பள்ளத்தாக்கில்
சொல்லுக்குச் சொல் செய்து காட்டுகிறது.

எங்கள் கரைக்கு விரிசல்.
அதன் இரு உதடுகளையும் சேர்த்துப் பிடித்தபடி
நாற்பத்து மூன்று கண்ணாடிச் சில்லுகள்,
விரல் நீளம், சாந்து வைத்து ஒட்டியவை.
பாறை மயிரிழை நகர்ந்தால் கண்ணாடி உடையும்.
துறையின் பேச்சில் அவற்றுக்குச் சாட்சி என்று பெயர்.
"பதினொன்று பேசவில்லை" என்பாள் மேலிருந்து.
நோட்டில் குறிப்பேன்.
"பன்னிரண்டு பேசவில்லை."
சாட்சி வாய் திறக்கக் கூடாது என்று
எல்லோரும் வேண்டிக்கொள்கிற வழக்கு.

விரிசலுக்கு அப்பால் நிற்கிறது தூண்.
மேலே கோஸ் மேட்டில் ஆட்டுப்பால் கறப்பவர்களுக்கு
அது ஆயர், தொப்பியும் தொப்பையுமாய்.
பாலத்திலிருந்து பார்த்தால்
காது விடைத்த முயல்.
இதற்காக ஒரு கல்யாணமே நின்றுபோனதாம்.
நான் பாலத்துப் பக்கம். முயல்தான்.

ஜனவரியில் பதினேழு பேசியது.
குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான்.
சாலையை மூடச் சொல்லிக் கடிதம் போனது.
முயலின் காலடியில்தான் ஃபுல்க்ரானின் முகாம்:
இருபது கூடாரத் திடல்கள், பன்னிரண்டு படகுகள்,
ஒரு வங்கிக் கடன்.
ஆகஸ்டில் நிழல் விற்பது அவர் தொழில்.

பிப்ரவரியில் ஏறியவள்
வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
கயிறு மட்டும் என் கையில் ஆடியது.
"பதினேழு," என்றாள் பிறகு,
"முழுசாக இருக்கிறது."

பாசி இல்லை, தூசு இல்லை.
சாந்தில் யாரோ கட்டைவிரலால் வழித்த தடம்.
எண்ணைக்கூட அவள் கையெழுத்தில் எழுதிப் பார்த்திருக்கிறார்கள்,
ஏழின் இடுப்புக்கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
இவ்வளவு உயரம். இரவில். உறைபனியில்.

இறங்கி, காப்பி குடிக்க முகாமுக்குப் போனோம்.
மேசைக்குப் பின்னால் சுவரில்
முயலின் புகைப்படம்.
சட்டம் இருந்தது, கண்ணாடி இல்லை.
குளிருக்குத் தப்பிய ஓர் ஈ
முயலின் காதில் நேராகவே உட்கார்ந்திருந்தது.
சொலான்ஜ் ஈயைப் பார்த்தாள்.
ஃபுல்க்ரான் சர்க்கரையைத் தள்ளி வைத்தார்.
அறுபத்தொரு வயதுக் கை, கட்டைவிரலில் கட்டு.

"அதைப் பிடுங்கப் போவதில்லை," என்றாள் வண்டியில்.
மறுநாள் அதன் பக்கத்திலேயே ஒன்று ஒட்டினாள்,
பதினேழு ஆ.
என் பேனா நோட்டின்மேல் கொஞ்சம் நின்று,
பிறகு எழுதியது.

மார்ச்சில் பனி உருகி உள்ளே இறங்கியது.
இரண்டும் உடைந்திருந்தன,
அவருடையது இரண்டாக, எங்களுடையது மூன்றாக.
படச்சட்டத்துக் கண்ணாடிக்குப்
பொய் சொல்லப் பழக்கமில்லை.

தடுப்போடு நாங்கள் போய்ச் சேர்வதற்குள்
பன்னிரண்டு படகுகளும் கவிழ்ந்து
சாலைக்குக் குறுக்கே கிடந்தன.
ஒன்றின்மேல் உட்கார்ந்து
ஃபுல்க்ரான் ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.
எங்களுக்கும் கொஞ்சம் பிய்த்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் விடியலில் விழுந்தது.
முழுத் தூண் இல்லை, காது மட்டும்.
கழிப்பறைக் கூரை ஒன்று நசுங்கியது. ஆள் இல்லை.
மேட்டுக்காரர்கள் ஆயரின் தொப்பி என்கிறார்கள்.
இன்னும் ஒத்துப்போகவில்லை நாங்கள்.

பிய்ந்த இடம் வெண்ணெய் நிறம்,
வெயிலே எட்டாத கரையில்.
அதில் ஒரு சங்கு, நகத்தளவு,
கடல் இங்கே இருந்தபோது படுத்தது.
சொலான்ஜ் அதைத் தொடவில்லை.
ஒரு சாண் தள்ளிச் சாந்து பூசி
நாற்பத்து நான்கை ஒட்டினாள்.

"பேசவில்லை," என்றாள் கீழே பார்த்து.
கண்ணாடியா, சங்கா என்று கேட்காமல்
எழுதிக்கொண்டேன்.