இடைவெளிச் சான்று

குர்லா கோர்ட்டு வாசலில்
குடைக்குக் கீழே ஒரு தட்டச்சு மெஷின்.
ஜூன் பிறந்தும் மழை வரவில்லை,
குடை வெயிலுக்கு.

பன்னிரண்டு முடித்தது எப்போ,
கல்லூரி கேட்பது எப்போ,
நடுவில் ஒரு வருஷம் காணோமே என்றார்
பிங்கே வக்கீல்.
காணாமல் போகவில்லை என்று விளக்கப்போனால்
இன்னொரு பக்கம் ஆகும்,
பக்கத்துக்கு ஐம்பது ரூபாய்.
ஆமாம் என்றேன்.

வருஷத்தைத் தொலைத்தவர்களுக்கென்று
தயாராக ஒரு வாக்கியம் வைத்திருக்கிறார்.
பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்.
பேராச்சி சுடலைமுத்து, வயது பத்தொன்பது,
தாராவியில் வசிப்பவளாகிய நான்
மேற்படி காலத்தில்
எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை,
எங்கும் வேலை பார்க்கவில்லை,
எந்தக் குற்றமும் செய்யவில்லை.

மூன்றில் இரண்டு உண்மை.

தொண்ணூறடி ரோட்டில்
தாவூத் அண்ணன் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து
பதினோரு மாதமாய்
ஊரார் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்தது நான்.
விண்ணப்பத்துக்கு அறுபது, அதில் எனக்குப் பத்து.
ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் என்று
அண்ணன் தொடங்கும் பழமொழி
சம்பளத்தன்று மட்டும் பாதியில் நிற்கும்.

முகத்தை ஐம்பது கேபிக்குள் அடக்குவேன்.
கையெழுத்தை இருபதுக்குள்.
முதல் பட்டியலில் பெயரில்லாமல்
அழுதுகொண்டே வந்த ஒருத்திக்குப் படமெடுத்து
பின்னால் இருந்த பச்சைச் சுவரை வெள்ளையாக்கினேன்,
கண்ணைத் தொடவில்லை.
தளம் ஏற்றுக்கொண்டது.

பெயருக்கு முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தைக்
குடும்பப் பெயரென்று கட்டம் ஒத்துக்கொள்ளாது.
மு. என்பதை முப்பிடாதி என்று விரிக்கணும்.
முப்பிடாதி செத்து ஆறு வருஷம்.
ஆனாலும் ஓடிபி அவர் நம்பருக்குத்தான் போயிற்று.
அந்த நம்பர் இப்போது
நாசிக்கில் ஒரு வெங்காய வியாபாரியிடம்.
கூப்பிட்டுக் கெஞ்சினேன்.
ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாய்ச் சொன்னவர்
பையன் என்ன படிக்கப்போறான் என்று கேட்டார்.
பி.காம்.
நல்லது, கணக்கு வரட்டும், என்றார்.

லீவிங் சர்ட்டிபிகேட்டில்
தாய்மொழி: மதராசி
என்று எழுதி வாங்கி வந்த இன்னொருவனை
மாட்டுங்காவில்
தமிழ்ச் சிறுபான்மை இடத்துக்கு எப்படி அனுப்ப?
பள்ளிக்கூடத்துக்கு மூன்று நடை.
ரெண்டும் ஒண்ணுதானே என்றாராம் கிளார்க்.
கடைசி நாள் சாயங்காலம் ஐந்துக்கு
தமிழன் ஆனான்.

எனக்கும் போன வருஷம்
மூன்றாம் பட்டியலில் இடம் கிடைத்தது.
எழுபத்தொன்று புள்ளி மூன்று மூன்று.
பணம் கட்ட மூன்று நாள்.
அம்மா சயான் ஆஸ்பத்திரியில் இருந்ததும்
அதே மூன்று நாள்.
நாலாம் நாள் அம்மா வீட்டுக்கு வந்தாள்,
கட்டணப் பக்கம் மூடியிருந்தது.

அந்த நடு வரியை மட்டும் எடுத்துவிடலாமா
என்று கேட்டுப் பார்த்தேன்.
வேலை பார்த்தேன் என்றால்
முதலாளி கடிதம், கடை லைசென்ஸ்,
சம்பளச் சீட்டு, என்று விரல் மடக்கினார் பிங்கே.
தாவூத் அண்ணன் கடைக்குப்
பெயர்ப் பலகையே கிடையாது.

கையெழுத்துப் போட்டேன்.
இப்போது மூன்றில் ஒன்றுதான் உண்மை.

கடைக்குத் திரும்பி
என் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன்.
எந்தக் கட்டத்திலும் தடுமாறவில்லை.
சான்று மட்டும் முந்நூற்று நாற்பது கேபி,
தளம் கேட்பது நூறு.
சுருக்கினேன். இன்னும் சுருக்கினேன்.
வக்கீலின் முத்திரை அப்படியே இருந்தது,
எழுத்துதான் கலங்கியது.

எட்டிப் பார்த்தார் அண்ணன்.
எங்கும் வேலை, என்று விரல் வைத்து
மெல்லக் கூட்டி வாசித்தார், கடைசிவரை.
பிறகு,
தெரியுது, ஏத்திரு, என்றார்.

வாசலில் அடுத்த பையன்
கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான்.
உட்காருப்பா, என்றேன்.
பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரிஜினல் இருக்கா?