எடை கூடிய டின்

ஆகஸ்ட் கடைசி, மேற்கு கான்சாஸ்.
கோதுமை அறுத்த தாள்வயல்கள் நடுவே
எழுபது மைல் ஓட்டி வருகிறேன்.
பின்சீட்டில் முந்நூறு பக்கப் புதிய பாடத்தரம்,
மூன்று நிறத்தில் அச்சிட்டது.
அதன்மேல் ஒரு பெட்டி டோனட்.
டோனட்டுக்குத்தான் முதல் வரவேற்பு.

பள்ளி நூலகத்தில் ஐந்து ஆசிரியர்கள்.
நால்வர் பேனாவைத் திறந்தார்கள்.
கேலன் உன்ரூ கைகட்டி உட்கார்ந்திருந்தார்.
இருபத்திரண்டு வருஷம், எட்டாம் வகுப்பு அறிவியல்.
"இது நான்காவது புரட்சி," என்றார்.
"முந்தைய மூன்றும் என் அலமாரியின் கீழ்த்தட்டில்
ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்குகின்றன.
இதற்கும் இடம் ஒதுக்கியிருக்கிறேன்."

நான் மறுக்கவில்லை.
மூன்றில் இரண்டை
என் வகுப்பில் நானே தாலாட்டியிருக்கிறேன்.

அவருடைய கோப்பை மட்டும் கேட்டு வாங்கினேன்.
ஆவி நீராதல். பழுப்பேறிய ஒற்றைத் தாள்.
முதல் வரி வரையறை.
இரண்டாம் வரி, அதை நோட்டில் எழுதுக.
கடைசி வரியில், மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கையில்,
குளிர்ந்த சோடா டின்னை மேசையில் வைத்துக் காட்டுக.

"ஒரு சொல்லையும் மாற்ற வேண்டாம்," என்றேன்.
"தாளைத் தலைகீழாகப் பிடியுங்கள்."

அவர் நிஜமாகவே பிடித்துப் பார்த்தார்.
மார்லிஸ் கோன் சிரித்ததில்
சர்க்கரைத் தூள் புதிய பாடத்தரத்தின் மேல் பறந்தது.

"பிள்ளைகள் தப்பாகச் சொன்னால்?"
சொல்லட்டும்.
"தப்பிலேயே நின்றுவிட்டால்?"
கொஞ்சம் நிற்கட்டும்.
"நான் எப்போதுதான் வாயைத் திறப்பது?"
முந்நூறு பக்கத்தில் அதற்கு
ஓர் அம்புக்குறிதான் இருந்தது.
அதை அவருக்குக் காட்ட வெட்கமாக இருந்தது.

செப்டம்பர். முந்தின இரவு மழை.
கடைசி வரிசையில்
முழங்கால் இடிக்கும் நாற்காலியில் நான்.
மேசைமேல் டின். வியர்க்கத் தொடங்கியது.
கேலனும்.

"ஓட்டை," என்றான் பிரெக்கன்.
பாதி வகுப்பு தலையாட்டியது.
கேலனின் வாய் திறந்தது;
வரையறை பல்வரை வந்துவிட்டதைப் பார்த்தேன்.
அவர் அதை விழுங்கினார்.
கடிகாரத்தில் நாற்பது நொடி.
ஜன்னலுக்கு வெளியே ஒரு தானிய லாரி
முழுசாகக் கடந்து போகும் அளவு நீளமான நாற்பது நொடி.

யாரெலி கையைத் தூக்காமலே பேசினாள்:
"அப்பா இறைச்சி ஆலையில், குளிர் அறையில் வேலை.
வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி நனைந்துவிடும்.
கண்ணாடிக்குள் சோடா இல்லையே."

பிரெக்கன் விடுவதாயில்லை.
"அப்படியென்றால் எடை போடுங்கள்.
உள்ளே இருந்தது வெளியே வந்திருந்தால்
மொத்தம் மாறக்கூடாது."

தராசை எடுக்க இரண்டு கதவுகள் திறக்க வேண்டியிருந்தது.
மேலே தூசு.
இன்னொரு டின், குளிர்பெட்டியிலிருந்து, துடைத்து வைத்தது:
முந்நூற்று அறுபத்தெட்டு கிராம், புள்ளி இரண்டு.
யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து சுற்றி நின்றார்கள்.
புள்ளி மூன்று.
புள்ளி ஐந்து.
"இது தின்னுது!" என்றது ஒரு குரல்.
எதை என்று
யாரெலிதான் முதலில் காற்றை நிமிர்ந்து பார்த்தாள்.
புள்ளி ஒன்பது.

மணி அடித்தது. வரையறை எழுதப்படவில்லை.

கேலன் தராசின் முன் நின்றுகொண்டே இருந்தார்.
"இருபத்திரண்டு வருஷமாக இது இந்த அலமாரியில்தான் இருந்தது."
பிறகு, உடனே, கோபமாக:
"இந்த வேகத்தில் போனால்
அக்டோபர் பரீட்சைக்குப் பாதிப் பாடம்கூட முடியாது.
அதையும் உன் அறிக்கையில் எழுது."
எழுதினேன்.
இலக்கு எட்டப்பட்டதா, ஆம், இல்லை, ஓரளவு
என்ற மூன்று கட்டங்களையும் விட்டுவிட்டு
ஓரத்தில்: புள்ளி ஏழு கிராம்.

அடுத்த வகுப்பு வந்தது.
அதே மேசை, அதே குளிர், புதிய டின்.
கேலன் கைகளைப் பையில் விட்டுக் காத்திருந்தார்.
நாற்பது நொடி. அறுபது.
டின் வழிந்து மேசையில் வட்டம் போட்டது.
எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

கடைசியில் ஒரு கை உயர்ந்தது.
கேலன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

"சார், அதை யாரும் குடிக்கப் போறதில்லையா?"