மூன்று நாள் மூழ்கியே

டனீடன், ஜூலை. இரவுக் கட்டணம் பதினொன்றுக்குத் தொடங்கும்.
மோடம் மெல்பர்னைக் கூப்பிடும்.
ஒரு கீச்சு, ஓர் இரைச்சல், பிறகு சம்மதம்.
நிமிடக் கணக்கை மொய்ரா எழுதிவைப்பாள்.
அதனால் உலகம் எங்களுக்கு நசுங்கித்தான் வருகிறது:
திரும்பத் திரும்ப வரும் சொற்களுக்கெல்லாம் ஒரு சின்னக் குறி,
வசைக்கும் நன்றிக்கும் அதே சிக்கனம்.

பிரித்தால் பொதி இரண்டு மடங்கு உப்பும்.
ஒவ்வொரு கட்டுரைக்கும் முன்னால் ஓர் எண்:
இத்தனை எழுத்து எண்ணி எடு, அதோடு நிறுத்து,
அடுத்தது வேறு ஆள்.
நிரல் எண்ணும். படிக்காது.
படிப்பவள் நான்,
வட்டுப் பெட்டியின் முதுகுச் சூட்டில் கால் வைத்துக்கொண்டு.

செவ்வாய் இரவு, பாதி பிரிக்கையில் வட்டு நிறைந்தது.
'இடமில்லை' என்று ஒரு வரி.
மீதிப் பொதி எங்கேயும் இல்லை.

புதன் வந்ததில்
ஹாலிஃபாக்ஸிலிருந்து ஓடெட் என்றொருத்தி
யாருக்கோ பதில் எழுதியிருந்தாள். தலைப்பு: 'உதவி'.
"மூன்று நாள் மூழ்கியே கிடக்கட்டும். பயப்படாதே.
தானே வாயை மூடிக்கொள்ளும்."

எது?
பத்து மணிக்கு அது முட்டைக்கோஸ் ஜாடி.
இரண்டு மணிக்கு ஓர் ஆள்.
சிப்பி என்றான் டேப் மாற்ற வந்த ஹேமிஷ்,
வேறெதற்கு வாய் இருக்கிறது?
நான் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

வெள்ளியன்று மறுபடி இடம் போதவில்லை.
இரண்டு நாள் பழசெல்லாம் போகட்டும் என்று
கட்டளை கொடுத்தது நான்தான்.
ஓடெட்டும் போனாள்.
வரலாற்றுக் கோப்பில் அவள் கட்டுரையின் அடையாளம் மட்டும்,
வேறு வழியாகத் திரும்பி வந்தால்
வாசலிலேயே மறிப்பதற்காக.

ஞாயிறு, வெலிங்டன் டேப்பில் கேள்வி வந்தது.
நிரல் வரலாற்றைப் புரட்டியது:
பார்த்ததில்லை, புதுசு, உள்ளே போ.

டிரான்ஹெய்ம். ஸ்வெர்ரே.
இரண்டு வருஷம் கொட்டகையில் காய்ந்த துடுப்புப் படகு.
பலகைக்குப் பலகை வெளிச்சம் தெரிகிறது.
தண்ணீரில் இறக்கினேன், உட்கார்ந்துவிட்டது.
வெளியே இழுக்கவா, விறகாக்கவா?

படகா!
மரம் நீர் குடித்து ஊதும், இடுக்கெல்லாம் இறுகும்.
ஹேமிஷிடம் சொல்ல வேண்டும்.

இப்போது எங்கள் தீவில் கேள்வி இருக்கிறது, பதில் இல்லை.
பதில் தெரிந்தவள் நான் ஒருத்தி, அதுவும் இரவல்.
'மூன்று நாள்' வரைக்கும் அடித்தேன்.
பிறகு தேதியைப் பார்த்தேன்: பன்னிரண்டு நாள் பழசு.
படகு மிதக்கிறது, அல்லது எரிந்தாயிற்று.
அங்கே கோடை வேறு, யார் விறகு எரிப்பார்கள்.
என் வரி போய்ச் சேர இன்னொரு வாரம்,
மொய்ராவின் நோட்டில் இன்னும் சில காசு.

அழித்துவிட்டேன்.
அழித்ததும் ஏனோ ஓடெட்டின் கையெழுத்து
எப்படி இருக்கும் என்று தோன்றியது.

வரிசையில் இன்னும் இருபத்தேழு.
இரண்டாயிரத்து எண்பது எழுத்து,
எண்ணி எடு.