ஜூன் முப்பது

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
போட்டவர்கள் யாரும் அளக்கவில்லை.
எடுப்பதை அளப்பது என் வேலை.

இசிபிங்கோ, கழிவுநீர் ஏற்று நிலையம், எண் மூன்று.
கூரைத் தகரத்தில் குரங்குகள்.
கதவோரம் தொங்கு தராசு.
எந்த மாதமும் முழுதாய்க் காயாத ஒரு பேரேடு,
பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து: கே. பத்தர்.

ஆற்றின் குறுக்கே நாங்களே கட்டிய தடுப்பு.
இரண்டு லிட்டர் பாட்டில்களை வெங்காயச் சாக்கில் திணித்துக்
கயிற்றில் கோத்து, இக்கரை மரத்திலிருந்து அக்கரை மரத்துக்கு.
பிளாஸ்டிக்கைப் பிடிக்கப் பிளாஸ்டிக்,
சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள் நொம்புசோ.
இடுப்பளவு நீரில் நிற்கும் பெகி சிரிப்பதில்லை.

திங்கள், அறுபத்தொரு கிலோ.
செவ்வாய், நாற்பத்தெட்டு.
புதன் பம்பு நின்றது.
வியாழன் எழுதவே கூசியது:
குழந்தைகளின் அணையாடை, காது குடையும் குச்சி,
வீடுகள் பொத்தானை அமுக்கி மறந்துவிட்ட எல்லாம்
கடலுக்குப் போகும் வழியில்
என் பேரேட்டில் ஒரு வரி தங்கிப் போயின.

கேட்டது மூன்றே மூன்று.
வாய்க்கால் வாயில் ஓர் இரும்புச் சல்லடை.
ஒரு பம்பு.
லாரிக்கு டயர், நான்கு.

பிப்ரவரியில் கேப் டவுனில் யாரோ வாசித்த தாளில்
எங்கள் ஆறு ஒரு வரியாக இருந்ததாம்.
மார்ச்சில் அந்த வரிக்கு ஓர் எண் கிடைத்தது.
ஏப்ரலில் எண்ணுக்கு ஒரு குழு.
மே மாதம் குழுவுக்கு ஒரு சந்தேகம்.
பணம் வந்தபோது ஜூன் பதினொன்று.
முப்பதுக்குள் செலவாகாதது
வந்த வழியே திரும்பிவிடும்.

சல்லடை வார்க்கப் பதினாறு வாரம்.
பம்பு கப்பலில் வரவேண்டும்.
டயர் வேறு இலாகா.
குப்பைத்தொட்டியோ கிடங்கில் தயாராய் இருந்தது,
நீல நிறம், இரண்டு சக்கரம், அறுநூறு.

திருடன் ஒருவன் இருந்தால் கதை சுலபம்.
லோகநாதன் மூட்லி மூன்று இரவு அலுவலகத்திலேயே தூங்கினார்.
கையெழுத்துப் போட்டுப் போட்டு விரல் மரத்துப்போனது.
ஒரு ராண்ட் கூட எவர் பையிலும் போகவில்லை.
தணிக்கைக்காரர் பாராட்டியதாகக் கேள்வி.

வாசலுக்கு ஒன்றாகத் தொட்டிகள் நின்றன.
குழாய் வறண்ட நாட்களில் மக்கள்
அவற்றில் தண்ணீர் பிடித்து வைத்தார்கள்.
ஒரு கல்யாணத்தில் பீர் குளிர்ந்தது.
ஒரு வீட்டில் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள், வெயிலில், நுரை வழிய.
குப்பையும் போட்டார்கள், போடாமல் இல்லை.
அள்ளிப் போகும் லாரி மட்டும்
டயர் இல்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது.

நவம்பர் மழை ஒன்பது மணிநேரம்.

விடியலில் தொட்டிகள் வந்தன.
ஒவ்வொன்றாக, நிமிர்ந்தபடி,
மூடியைத் திறந்து மூடித் திறந்து
ஏதோ சொல்ல வாயெடுப்பவை போல.
நகராட்சி முத்திரை பளபளக்க
எங்கள் பாட்டில் தடுப்பில் மோதி நின்றன,
வரிசை தவறாமல்.
இந்தமுறை சிரித்தவன் பெகி.

நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றும் பதினொரு கிலோ.
'இதைக் குப்பை என்று எழுதுவாயா, சொத்து என்றா?'
நொம்புசோ கேட்டாள்.
பேரேட்டில் இரண்டு பத்தி உண்டு.
இரண்டிலும் எழுதினேன்.

மறுநாள் பெகி ஒரு தொட்டியை எடுத்து
அடியை அறுத்து, உடம்பெங்கும் துளையிட்டு
வாய்க்கால் வாயில் கம்பியால் இறுக்கினான்.
தண்ணீர் போனது, உறைகள் நின்றன.
நாங்கள் மூவரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்,
தேநீர் ஆறும்வரை.

இரண்டு நாள் தாங்கியது.
மூன்றாம் நாள்
அதையும் தராசில் மாட்டினேன்.
பதினொன்று இல்லை.
துளை போக, ஒன்பதரை.