பதினான்காம் நாள்

வலி மட்டும்தான் வந்திருந்தது.
காய்ச்சல்கூட இல்லை.
எலியோதோரோ பர்ரியா, வயது அறுபத்தாறு,
மகெல்லன் சமவெளியில் முப்பத்தெட்டு வருடம்
செம்மறி மயிர் கத்தரித்தவர்.
வலத் தோளில் இப்போது டைட்டானியம்.
சட்டை போடும்போது
கை பாதி வழியில் நின்றுவிடுகிறது
என்று படிவத்தில் இருந்தது.

இரத்தத்தில் குற்றமில்லை.
எக்ஸ்-ரேயில் நிழலில்லை.
நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
புகையே இல்லாத நெருப்பைத் தேடுவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

தோளைத் திறந்து எடுத்த துணுக்குகள்
ஐந்து குப்பிகளில் வந்தன.
ஒவ்வொன்றுக்கும் தனிக் கத்தி, தனி இடுக்கி
என்று டாக்டர் ஓயார்சோ
போனில் இரண்டு முறை சொன்னார்.
காற்று புகாத பெட்டியில் வைத்தேன்.
வெளியே புன்டா அரேனாஸ்
கயிற்றைப் பிடித்துக்கொண்டு
தெருவைக் கடந்துகொண்டிருந்தது.
அங்கே காற்றைத் தவிர வேறொன்றுமில்லை.

ஐந்தாம் நாள்.
"போதாதா? அடுக்கு நிறைந்துவிட்டது"
என்றான் இக்னாசியோ.
போதாது.
இது அவசரமில்லாத உயிர்.
உலோகத்தின் மேல் தன் கோழையைத் தானே நெய்து
இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்.
மருந்து போய்த் தட்டினால் திறக்காது.

ஒன்பதாம் நாள், மூன்றாம் தட்டில்
ஒரு புள்ளி. ரவையைவிடச் சின்னது.
மகிழ்ச்சி வந்தது. பின்னாலேயே வெட்கம்.
அதற்குப் பின்னால் சந்தேகம்:
இவன் என் தோலிலும் இருக்கிறான்,
இக்னாசியோவின் மூக்கோரத்தில்,
ஓயார்சோவின் நெற்றியில்,
மயிர்க்காலுக்கு மயிர்க்கால் வாடகையில்லாமல்.
ஒற்றைத் தட்டு சாட்சியாகாது.
என் விரல் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம்.

பதினொன்றாம் நாள் அவரே வந்தார்,
போர்வெனீரிலிருந்து படகில்.
கம்பளித் தொப்பியை இடக்கையால் கழற்றி
ஜன்னலுக்கு வெளியே நின்றார்.
முடிவுகளை டாக்டர்தான் சொல்வார் என்றேன்.
தெரியும் என்றார். போகவில்லை.
"ஒன்றுமில்லை என்று மட்டும்
எழுதிவிடாதீர்கள், சென்யோரா.
ஒன்றுமில்லை என்றால்
இது என் மனசு என்று ஆகிவிடும்.
என் மனைவி ஏற்கெனவே
அப்படித்தான் பார்க்கிறாள்."

நோய் வேண்டும் என்று கேட்க
ஒருவர் கடல் தாண்டி வந்ததை
எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

பதின்மூன்றாம் நாள், ஐந்தாம் தட்டில்
அதே வெண்மை, அதே விளிம்பு.
இயந்திரமும் இரண்டுக்கும் ஒரே பெயர் சொன்னது.

"இரண்டு மாதிரிகள். ஒரே கிருமி."
இந்த ஒரு வரிக்கு
உலோகத்தைக் கழற்றுவார்கள்.
தோள் காலியாகக் கிடக்கும், மாதக்கணக்கில்.
பிறகு மறுபடியும் கத்தி.
இந்த ஒரு வரியை வைத்து
அவர் மனைவியிடம் பேசலாம்.
தட்டச்சு செய்யும்போது
எதற்கு வருந்துவது என்று தெரியவில்லை.

மற்ற மூன்று தட்டுகளும்
பதினான்காம் நாளும் வெறுமையாகவே இருந்தன.
கழித்துவிட்டேன்.
கை கழுவினேன், வழக்கத்தைவிட நீண்ட நேரம்,
போகாது என்று தெரிந்தும்.